வைக்கோலுக்குள் பூட்டிக் கிடக்கும் சர்க்கரையை எடுப்பது எப்படி

கம்பம் பள்ளத்தாக்கில் நெல் அறுப்பு முடிந்ததும் நல்ல வைக்கோல் கட்டுக்கட்டாக லாரி ஏறிக் கேரளத்து மாடுகளுக்குப் போய்விடும், வயலில் சிதறிக் கிடக்கிற துண்டும் தூளும்தான் நமக்கு. தீ வைக்காமல் அதை அள்ளி வாருங்கள், எத்தனால் என்ற சாராயமாக ஈஸ்ட் மாற்றக்கூடிய சர்க்கரை அதற்குள் இருக்கிறது. பூஞ்சை பிடித்தது மட்டும் வேண்டாம்; நமக்கு வேண்டியதை அது தின்று முடித்திருக்கும்.

வைக்கோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ், அதாவது குளுக்கோஸ் கோத்த சங்கிலி. ஆனால் ஹெமிசெல்லுலோஸ் என்ற வேறொரு சர்க்கரைச் சங்கிலியும், செடிக்கு விறைப்புத் தரும் லிக்னினும் அதைச் சுற்றிக் காரை பூசியது போல இறுகிக் கிடப்பதால், சங்கிலியை வெட்டிச் சர்க்கரையாக்கும் நொதி (என்சைம்) உள்ளே நுழைய முடிவதில்லை. அந்தக் காரையை உடைப்பதுதான் முன்பதப்படுத்துதல். ஆலைகளில் 160 முதல் 220 டிகிரி வரை நீராவி ஏற்றிச் சட்டென்று அழுத்தத்தை விடுவிப்பார்கள், இல்லையென்றால் நீர்த்த கந்தக அமிலத்தில் வேகவைப்பார்கள். அமிலத்தில் சூடு மிஞ்சினால் கிடைத்த சர்க்கரையே ஃபர்ஃபுரால் என்ற நச்சுப் பொருளாக மாறி, பிற்பாடு ஈஸ்ட்டை முடக்கிவிடும். அதனால் கல்லூரி லேபில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது காஸ்டிக் சோடாதான்.

வைக்கோலை நன்றாகக் காயவைத்து, நறுக்கி, மிக்சியில் ரவை பதத்துக்கு அரையுங்கள். 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாதான் தண்ணீருக்குள் போக வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இதில் 10 கிராம் தூளை ஊறவைத்து, சூடு தாங்கும் கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மேல் போகாமல் நிரப்பி, மூடியைத் தளர்வாக வைத்து, அடியில் தண்ணீர் விட்ட எவர்சில்வர் குக்கருக்குள் இறக்குங்கள். அலுமினிய குக்கர் கூடவே கூடாது: சோடா சிந்தினால் பாத்திரத்தை அரித்து, பற்றக்கூடிய ஹைட்ரஜன் கிளம்பும். வெயிட் ஆடத் தொடங்கிய பிறகு, அதாவது 121 டிகிரி பக்கம் வந்த பிறகு, சிறு தீயில் 45 நிமிடம் போதும். குக்கர் தானாக ஆறட்டும்.

திறந்தால் நீர் கெட்டி டிகாக்‌ஷன் மாதிரி கறுத்திருக்கும், அதுதான் கழன்று வந்த லிக்னின். துணியில் வடிகட்டி, பிஎச் தாளில் 7 வரும்வரை அலசுங்கள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். நாரில் காரம் கொஞ்சம் மிஞ்சினாலும் நொதி வேலை செய்யாது, சோதனை தோற்றதாக நினைத்து வைக்கோலைக் குறை சொல்வீர்கள்.

அப்புறம் பிஎச்சை 4.8-லேயே நிறுத்தி வைக்கும் சிட்ரேட் கரைசலில் நாரைப் போட்டு, செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸ் நொதியைப் பாட்டிலில் எழுதிய அளவில் சேர்த்து, 50 டிகிரியில் 48 முதல் 72 மணி நேரம் வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே பதப்படுத்தாத வைக்கோலும் நொதியுமாக ஒன்று, வைக்கோலே இல்லாமல் வெறும் நொதியுடன் ஒன்று. நொதிக் கரைசலிலேயே சர்க்கரை இருக்கக்கூடும் என்பதால் மூன்றாவது இல்லாமல் முடிவை நம்ப முடியாது. ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, சர்க்கரையை நிறத்தால் காட்டும் பெனடிக்ட் கரைசல் விட்டுக் கொதிநீரில் 5 நிமிடம் வைத்தால் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, சர்க்கரை கூடக்கூடச் செங்கல் நிறத்துக்குப் போகும்.

10 கிராமில் 3.5 கிராம் செல்லுலோஸ் என்று வைத்தால் குளுக்கோஸ் அதிகபட்சம் 3.9 கிராம், அதிலிருந்து எத்தனால் 2 கிராம். நடைமுறையில் இதைவிடக் குறையும். எத்தனாலை வடிப்பதற்கு உரிமம் வேண்டும், ஆகவே சர்க்கரையோடு நிறுத்துங்கள்.

கறுப்பு நீரை அப்படியே வாய்க்காலில் கொட்டாதீர்கள், அது முல்லைப் பெரியாற்றுப் பாசனம். நீர்த்த அமிலம் விட்டு பிஎச்சை 3 பக்கம் இறக்கினால் லிக்னின் பழுப்புத் திப்பியாக அடியில் தங்கும், அதை வடித்து எடுத்துவிட்டு, மீதி நீரை 7-க்குக் கொண்டுவந்து லேப் கழிவோடு சேருங்கள்.