வாசிகசாலை முற்றத்தில் ‘லாஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்’ திரையிடுவது எப்படி

கோயில் திருவிழாவில் படம் போடுவதுபோல இந்தப் படத்தைப் போட்டால் பாதிச் சனம் அரை மணித்தியாலத்தில் எழும்பிப் போய்விடும். குற்றம் சனத்தில் இல்லை. சோபியா கொப்போலா எழுதி இயக்கி 2003இல் வந்த இந்தப் படத்தில் சண்டையும் இல்லை, திருப்பமும் இல்லை. விஸ்கி விளம்பரத்தில் நடிக்க டோக்கியோ வந்த நடுவயது நடிகர் ஒருவரும், படப்பிடிப்பாளரான கணவனோடு வந்து விடுதி அறையில் தனித்துப்போன இளம்பெண் ஒருத்தியும் நித்திரை வராத இரவுகளில் சிநேகமாகிறார்கள், அவ்வளவுதான். இரவுக் காட்சிகளில் பல, நகரத்தில் கிடைத்த வெளிச்சத்திலேயே எடுக்கப்பட்டவை. பேச்சும் தாழ்ந்த குரல். ஆகவே இருட்டையும் அமைதியையும் காப்பாற்றுவதுதான் உங்கள் முழு வேலை. பிள்ளைகள் பாரிசிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற வீடுகள் வன்னியில் நிறைய. இருட்டும் அமைதியும் சரியாக அமைந்தால் இந்தக் கதையை அங்கே யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

முதலில் நாளைக் குறியுங்கள். பூரணைக்குக் கிட்டிய இரவுகள் வேண்டாம், நிலவு திரையை வெளிற வைத்துவிடும். நிலவு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழும். எனவே தேய்பிறை ஐந்தாம் நாளிலிருந்து வளர்பிறை மூன்றாம் நாள் வரை பாதுகாப்பு. படம் 102 நிமிடம், 7.15க்குத் தொடங்கினால் 9 மணிக்கு முடியும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, ஈசல் இரண்டும் வரும், மண்டபத்துக்குள் போடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் திரைக்கு வேறு ஏற்பாடு வேண்டும், அதைக் கீழே பார்ப்போம். பக்கத்துக் கோயிலில் அன்றைக்குப் பூசையோ பொங்கலோ இருக்கிறதா என்று கேட்காமல் நாள் குறிக்கவே கூடாது.

வீட்டுப் பாவனைக்கு வாங்கிய டிஸ்க்கோ இணையச் சந்தாவோ பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியும் தேவை. இது வளர்ந்தவர்களுக்கான படம் என்பதை அறிவித்தலிலேயே எழுதுங்கள். தொடக்கத்தில் உள்ளாடையோடு படுத்திருக்கும் பெண்ணின் பின்பக்கம் நெடுநேரம் நிற்கும், நடுவில் ஆடை அவிழ்ப்பு விடுதிக் காட்சியும் உண்டு. முன்கூட்டிச் சொன்னால் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

திரைக்கு 8 அடி அகலம், நாலரை அடி உயரம் போதும். வெள்ளைத் துணி ஒற்றையாக இருந்தால் வெளிச்சம் பின்னால் போய்விடும். இரண்டு மடிப்பாக எடுத்து, பின்னால் கறுத்தத் துணி அல்லது தறப்பாள் கட்டுங்கள். நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, அடிக்கு ஒரு கண் வைத்து நைலோன் கயிற்றால் சட்டத்தில் இழுங்கள். சோளகக் காலத்தில் துணியை மறவுங்கள், சுவருக்கு வெள்ளை மட் பெயின்ற் அடிப்பதே நல்லது. சனம் பாயில் இருக்கும், தமிழ் வசன எழுத்து (சப்டைட்டில்) திரையின் அடியில் வரும். ஆகவே திரையின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து 4 அடியாவது உயர வேண்டும். இதைத்தான் அநேகர் கவனிப்பதில்லை. முன்வரிசைத் தலைகள் வசனத்தை மறைத்துவிடும்.

புரொஜெக்டருக்கு 3000 லூமென் வெளிச்சம் போதும். எறிவிகிதம் (தூரத்தைத் திரை அகலத்தால் பிரித்தது) 1.5 என்றால் 8 அடித் திரைக்கு 12 அடி தூரத்தில் வையுங்கள். ‘டைனமிக்’ நிலையில் கறுப்பு சாம்பலாகி இரவுக் காட்சி ஊத்தையாகத் தெரியும், ‘சினிமா’ நிலையில் விடுங்கள். மின்வெட்டுக்கு ஒரு யூபிஎஸ் கட்டாயம். சூடான விளக்கு விசிறி இல்லாமல் நின்றால் ஆயுள் குறையும், உடனே மீண்டும் போட்டால் பற்றாமலும் போகும். ஜெனரேற்றரை 100 அடிக்கு அப்பால், கட்டடத்துக்குப் பின்னால், காற்று சனத்திடமிருந்து வெளியே போகும் பக்கத்தில் வையுங்கள்.

கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம், பொக்ஸ் ஸ்பீக்கர் இரண்டு எடுங்கள். கூம்பில் அடித்தொனி வராது, முணுமுணுப்பு கீச்சாகிவிடும். பேச்சு எங்கோ தூரத்தில் கேட்கிறது, இசை மட்டும் முழங்குகிறது என்றால், கோப்பில் ஆறு வழி ஒலி இருக்கும். பேச்சு நடுவழியில் கிடக்கும். படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

இனி வசன எழுத்து. அதிக நேரம் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு ஐந்து சொல். ஒரு வரிக்கு 2 செக்கன், இரண்டு வரிக்கு 4 செக்கனாவது நிற்கட்டும். திரையில் எழுத்து உயரம் இரண்டரை அங்குலத்துக்குக் குறையக்கூடாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோட்டுக்கு மாற்றி, யூடிஎஃப்-8இல் சேமியுங்கள். பழைய விஎல்சியில் கொம்பு இடம்மாறும், 3ஆம் பதிப்புக்குப் பிறகானதைப் பாவியுங்கள். எழுத்து ஒரே அளவில் முந்தினால் எச் விசை, பிந்தினால் ஜி விசை. ஒரு தட்டுக்கு 50 மில்லி செக்கன் நகரும். போகப்போக இடைவெளி கூடுகிறதென்றால் விசை உதவாது. செக்கனுக்கு 24 சட்டம் ஓடும் படத்துக்குச் செய்த எழுத்து 25 சட்டம் ஓடும் கோப்பில் ஓடுகிறது, பத்து நிமிடத்தில் 24 செக்கன் அளவு பிசகும். எழுத்துக் கோப்பின் வேகத்தை மாற்றியே திருத்த வேண்டும்.

யப்பானிய வசனங்களுக்குத் தமிழ் எழுதாதீர்கள். விளம்பர இயக்குநர் நீளமாகச் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் ஒரு வரியில் முடிப்பார். மிச்சம் என்னவென்று நடிகருக்குத் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியக்கூடாது. கடைசியில் நடிகர் அந்த இளம்பெண்ணின் காதில் சொல்வதையும் வெறுமையாக விடுங்கள். இணையத்தில் உலாவும் ஊகத்தை எழுதினால் படம் அங்கேயே செத்துப்போகும். இருவரையும் முதலிலிருந்து முடிவுவரை ‘நீங்கள்’ என்றே பேசவையுங்கள். அவர் நடுவில் ‘நீ’ என்று இறங்கினால் எங்கள் சனம் அதைக் காதல் என்று தீர்த்துவிடும். படம் அப்படித் தீர்ப்புச் சொல்லவில்லை.

பெயர்ப்பட்டியல் ஓடி முடியும்வரை மின்குமிழைப் போடாதீர்கள். பிறகு புரொஜெக்டரை அணைத்து, விசிறி தானாக நிற்கும்வரை பிளக்கில் கைவைக்காமல் விடுங்கள். அந்த நேரத்தில் பிளேன்ரீ ஊற்றுங்கள். ‘படம் எப்படி?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்பதோடு நின்றுவிடும். ‘வெளிநாட்டுக்குப் போன புதிதில் உங்கட பிள்ளை யாரோட கதைச்சவர்?’ என்று ஒரு தாயிடம் கேளுங்கள்.