ஆர்வியில் வைஃபை இருக்கிறது, சரி. அது எந்த பேட்டரியில் ஓடுகிறது?

ஒரு சுவிட்சை அழுத்துவதற்காக 240 டாலர் கொடுத்தவன் இதை எழுதுகிறேன். டெக்சஸுக்குப் புதிதாக வந்திருக்கும் நம் ஆட்கள், அதிலும் முதல் ஸ்பிரிங் பிரேக்குக்கே (பள்ளிகளின் வசந்தகால விடுமுறை) ஆர்வி, அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு வரும் சக்கரம் வைத்த வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு கிளம்பத் துடிப்பவர்கள், சாவியைக் கையில் வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள்.

ஊரில் நமக்குப் பழக்கமே வேறு. வேன் பிடித்தால் கூடவே டிரைவர் அண்ணன் வருவார். வழியில் வண்டி நின்றால் அது அவர் பாடு. நாம் இறங்கி டீ குடித்துக்கொண்டு, பானெட்டுக்குள் அவர் தலை போவதை வேடிக்கை பார்ப்போம். இங்கே டிரைவர், கிளீனர், மெக்கானிக், சமையல்காரர் எல்லாம் நாமேதான்.

சட்டம், பதிவு விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 26,001 பவுண்டுக்குக் குறைந்த வண்டிக்கு டெக்சஸில் சாதாரண கிளாஸ் சி லைசென்ஸ் போதும். வாடகைக்குக் கிடைக்கும் குடும்ப ஆர்விகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். உங்கள் கார் இன்சூரன்ஸ் ஆர்விக்கும் செல்லுமா என்று போன் போட்டுக் கேளுங்கள், செல்லும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மாநிலப் பூங்காக்களில் இரவு தங்க 5 மாதம் முன்பே பதிவு தொடங்கிவிடும், விடுமுறை வாரங்கள் பறந்துவிடும். வருடப் பாஸ் எடுத்தால் நுழைவுக் கட்டணம் மிச்சம். தங்கும் கட்டணம் தனி. கரண்ட் உள்ள இடம்தானா, 30 ஆம்பியரா 50 ஆம்பியரா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். கழிவுத் தொட்டியைக் காலி செய்வது பற்றி யூடியூபில் வேண்டிய மட்டும் வீடியோ இருக்கிறது, நான் பேச விரும்பவில்லை. கையுறை மட்டும் மறக்காதீர்கள்.

இனி வைஃபை. வண்டியைக் காட்டும்போதே "பில்ட் இன் ஹாட்ஸ்பாட் இருக்கு சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். நம் காது அதை "நெட் இலவசம்" என்று கேட்டுக்கொள்ளும். உண்மையில் அது வண்டிக்குள் பதித்த ஒரு செல்போன்தான்: தனி சிம், தனி டேட்டா பிளான், பெரும்பாலும் கூரையில் ஒரு ஆன்டெனா. டவரே இல்லாத இடத்தில் அதுவும் ஊமைதான். ஆனால் இரண்டு விதத்தில் உதவும். தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நம் போனைவிடக் கூரை ஆன்டெனா கொஞ்சம் நன்றாகப் பிடிக்கும். தவிர, வண்டியின் சிம் வேறு நெட்வொர்க்காக இருந்தால், நம் போன் செத்துக் கிடக்கும் இடத்தில் அது உயிரோடு இருக்கலாம்.

டேட்டா விஷயத்திலும் ஊர்ப் பழக்கம் காலை வாரிவிடும். தினமும் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று அள்ளிக் குடித்துப் பழகியவர்கள் நாம். புது வண்டிகளோடு இலவசமாக வரும் டேட்டா சிலவற்றில் மொத்தமே 3 ஜிபி. எச்டியில் படம் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கே ஏறக்குறைய அவ்வளவு போய்விடும். ஹூஸ்டன் நண்பன் ஒருவன் படம்கூடப் பார்க்கவில்லை. வைஃபை கிடைத்த சந்தோஷத்தில் வீட்டில் இருந்த நாலு போனும் போட்டோக்களை மேலே ஏற்றத் தொடங்கி, பீச்சுக்குப் போய்ச் சேருவதற்குள் கணக்கை முடித்துவிட்டன. ஐபோனில் அந்த வைஃபைக்கு 'லோ டேட்டா மோட்' போடுங்கள். ஆண்ட்ராய்டில் அதை 'மீட்டர்ட்' என்று மாற்றுங்கள். வாடகை வண்டி என்றால் பிளான் கம்பெனிக் கணக்கில் இருக்கும், உயிரோடு இருக்கிறதா என்று அங்கேயே போனை இணைத்துப் பாருங்கள். பழைய வண்டியை வாங்குவதாக இருந்தால், முந்தைய உரிமையாளர் தன் கணக்கை நீக்கிவிட்டாரா என்று பாருங்கள். மோடம் 3ஜி என்றால் 2022இல் இங்கே அந்த நெட்வொர்க்குகளை மூடியதோடு அதன் கதையும் முடிந்தது.

இதெல்லாம் சில்லறை. எங்களைக் கவிழ்த்தது வேறு.

போன பங்குனியில் டாலஸிலிருந்து டேவிஸ் மலைகளுக்குப் போனோம். மேற்கு டெக்சஸ், ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும். ஊர் வெளிச்சம் கலக்காத வானம் என்பதால் மெக்டொனால்ட் வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. எனக்கு வாணியம்பாடி. சின்ன வயதில் ஒரு சனிக்கிழமை இரவு அப்பா என்னைக் காவலூருக்குக் கூட்டிப்போய் தொலைநோக்கியில் சனி கிரகத்தைக் காட்டினார். பஸ்ஸில் தூங்கியதும் வளையத்தைப் பார்த்ததும் மட்டும் ஞாபகம். என் பையனுக்கும் அப்படி ஒன்றைக் காட்ட வேண்டும் என்று ஆசை.

அதே வாரம் என் மனைவியின் சித்தப்பா பெண்ணுக்கு வேலூரில் கல்யாணம். போக முடியவில்லை. அமெரிக்கா திரும்புவதற்கான விசா ஸ்டாம்பிங்குக்குத் தேதி கிடைக்காமல் ஊரில் மாட்டிக்கொண்டவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு, டிக்கெட் போடவே கை வரவில்லை. யூடியூப் லைவில் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஊரில் காலை ஏழரை முதல் ஒன்பது முகூர்த்தம் என்றால் இங்கே முந்தின இரவு ஒன்பது முதல் பத்தரை. பூங்காவில் எங்கள் போன்களில் ஒரு கோடுகூட இல்லை. வண்டி ஹாட்ஸ்பாட்டில் இரண்டு கோடு. "என்னங்க, தாலி கட்டப் போறாங்க, நெட்டை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றாள்.

இரவு 10 முதல் காலை 6 வரை அங்கே அமைதி நேரம். இன்ஜினை ஓட விட முடியாது, விடவும் கூடாது. அதனால் இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை ஏசிசியில் வைத்தேன் (இன்ஜின் ஓடாமல் ரேடியோ மாதிரி சாமான்களுக்கு மட்டும் கரண்ட் தரும் நிலை). ஹாட்ஸ்பாட் ஓடியது. வண்டியின் கரண்ட் ஒயரைப் பூங்காக் கம்பத்தில் சொருகியிருந்தோம். உள்ளே ஹீட்டர், ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. கம்பத்திலிருந்து கரண்ட் வருகிறது, பேட்டரி சார்ஜ் ஆகிறது, பிறகென்ன என்று நினைத்தேன். படித்த படிப்பு எலக்ட்ரிகல். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கல்யாணம் துளிகூட விக்காமல் ஓடியது. தாலி கட்டி முடிந்ததும் கேமராக்காரர் பந்திப் பக்கம் போய்விட்டார். இலையில் வடை வைக்கும் கையை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நாங்கள் பிரெட்டும் ஜாமும் சாப்பிட்டோம். அவள் கொஞ்சம் அழுதாள். அப்படியே தூங்கிவிட்டோம். சாவி ஏசிசியிலேயே இருந்தது.

காலையில் உள்ளே விளக்கு எரிகிறது, மைக்ரோவேவில் பால் காய்கிறது. சாவியைத் திருப்பினால் டிக், டிக், டிக். ஹாட்ஸ்பாட்டும் செத்துவிட்டதால் யாரையும் கூப்பிட வழியில்லை. பக்கத்து இடத்துப் பெரியவர் வந்து உதவட்டுமா என்று கேட்டார். நான் பெரிய மனுஷன் மாதிரி, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் அந்த 240. பூங்கா அலுவலகம் வரை நடந்துபோய், அங்கிருந்து வாடகைக் கம்பெனிக்கு போன் போட்டேன். நீங்களாக பேட்டரியைக் காலி செய்தால் அது எங்கள் கணக்கில் வராது என்றார்கள். மூன்று மணி நேரம் கழித்து ஒருவர் வந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார், ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் கீழே பார்த்தார், பேட்டரிப் படம் போட்ட ஒரு குட்டி சுவிட்சைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. ஜம்பர் கேபிளை அவர் வண்டியிலிருந்து இறக்கவேயில்லை. வானாய்வகத்துக்கு அன்று பகலுக்கு எடுத்த டிக்கெட்டும் போயிற்று.

விஷயம் இதுதான். ஆர்விக்குள் இரண்டு பேட்டரி ஏற்பாடு. ஒன்று வீட்டுப் பகுதிக்கு: விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் காற்றாடி. மற்றது இன்ஜினுக்கு. டாஷ்போர்டு, ரேடியோ, வண்டியோடு வந்த ஹாட்ஸ்பாட் எல்லாம் இன்ஜின் பேட்டரியைத்தான் உறிஞ்சும். கம்பத்தில் சொருகும் கரண்டோ நிறைய வண்டிகளில் வீட்டு பேட்டரியை மட்டுமே சார்ஜ் செய்யும். நம் வீட்டில் கரண்ட் வந்தால் இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும், வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் பேட்டரி ஆகுமா? அதே கணக்கு. சில வண்டிகளில் இரண்டும் சார்ஜ் ஆகும்படி இணைத்திருப்பார்கள்; கேட்டால்தான் தெரியும். அந்தக் குட்டி சுவிட்ச், அவசரத்துக்கு வீட்டு பேட்டரியை இன்ஜினோடு கோத்துவிடுகிறது. எங்கள் வீட்டு பேட்டரி இரவு முழுக்கச் சார்ஜ் ஏறி நிறைந்து கிடந்தது. உதவி காலடியிலேயே இருந்திருக்கிறது.

ஏசிசியில் விட்டால் அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும் வண்டிகளும் உண்டு. எங்களுடையது அப்படி அல்ல. உங்களுடையது எப்படி என்று வீட்டு வாசலிலேயே சோதித்துப் பாருங்கள். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் வோல்ட்மீட்டர் மலிவாகக் கிடைக்கும். இன்ஜின் அணைந்து கொஞ்ச நேரம் கழித்து 12.6 காட்டினால் பேட்டரி நிறைவு. 12 பக்கம் வந்துவிட்டால் உடனே சாவியை எடுங்கள். நெட்டுக்காக இன்ஜினை ஓட விட்டபடி தூங்குவதை மட்டும் கனவிலும் நினைக்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். உள்ளே இருக்கும் அலாரம் வேலை செய்கிறதா என்று முதல் நாளே பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இரவில் நெட் வேண்டும் என்றால் தனி ஹாட்ஸ்பாட் பெட்டி ஒன்றை வீட்டுப் பகுதி பிளக்கில் சொருகிக்கொள்வதுதான் நல்லது. உங்கள் போனுக்கு வேறு நெட்வொர்க்கின் ஒரு மாத ப்ரீபெய்டு இசிம் போட்டுக்கொண்டால் அவசரத்துக்கு உதவும். அடிக்கடி போகிறவர்கள் செயற்கைக்கோளிலிருந்து நெட் பிடிக்கும் ஸ்டார்லிங்க் மினி வாங்குகிறார்கள்; 25 முதல் 40 வாட்ஸ் இழுக்கும், மேலே மரம் மறைக்காத வானம் வேண்டும். பிக்கப் டிரக்கில் டிரெய்லர் கட்டி இழுப்பவர்களுக்கு அந்தக் குட்டி சுவிட்ச் கிடையாது. ஹாட்ஸ்பாட் டிரக்கில் இருக்கும், கம்பத்துக் கரண்ட் டிரெய்லரோடு நின்றுவிடும். செத்த பேட்டரியோடு வண்டியைக் கிளப்பிவிடும் லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி, டிரெய்லருக்குள் சார்ஜ் போட்டு வையுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஆர்வியில் போனால் இரவு சாவி அஞ்சறைப் பெட்டிக்குள் போய்விடும், மனைவியின் உத்தரவு. நீங்கள் வண்டியை எடுக்கும்போது கவுன்டரில் இருப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கம்பத்துக் கரண்ட் இன்ஜின் பேட்டரியையும் சார்ஜ் செய்யுமா? அவசர ஸ்டார்ட் சுவிட்ச் எங்கே? வாயால் சொன்னால் விடாதீர்கள், உங்கள் விரலை அதன்மேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தெரியாது என்றால் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.