சுகர் குறைந்ததும் பார்வை மங்குகிறதா? கண்ணாடிக் கடைக்குப் போகும் முன்

பெரியப்பாவுக்குச் சர்க்கரை 380-ஐத் தொட்டிருந்த மாதம் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. பதினைந்து வருடமாகக் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியாதவர், வெறுங்கண்ணால் வரி விளம்பரம் வரை படித்தார். இன்சுலின் தொடங்கிப் பத்தே நாளில் எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது, பழைய கண்ணாடியும் போதவில்லை. "ஊசிதான் கண்ணைக் கெடுத்துடுச்சு" என்று திட்டிக்கொண்டே புதுக் கண்ணாடி வாங்கினார். ஒன்றரை மாதத்தில் அது அலமாரிக்குப் போனது, பழையதே மறுபடி பொருந்தியது.

இதே குழப்பம் உங்கள் வீட்டிலும் வந்தால் இப்படிச் செய்யுங்கள்.

படி 1: காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

சர்க்கரை கூடும்போது கண்ணின் லென்ஸுக்குள்ளும் குளுக்கோஸ் புகுகிறது. அதில் ஒரு பகுதி சார்பிட்டால் என்ற பொருளாக மாறும். அது சட்டென்று வெளியேறாது, தண்ணீரை உள்ளே இழுக்கும். லென்ஸ் ஊதினால் பவர் மாறும். பெரும்பாலும் கிட்டப்பார்வைப் பக்கம் சாய்வதால்தான் பேப்பர் தெரிந்தது. ரத்தத்தில் சர்க்கரை வேகமாக இறங்கும்போது லென்ஸ் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பவர் தூரப்பார்வைப் பக்கம் புரண்டுவிடும். பழி ஊசிக்கு!

படி 2: ஊசித்துளைச் சோதனை

ஒரு கெட்டி அட்டையில் குண்டூசியால் சின்னத் துளை போடுங்கள். ஒரு கண்ணை மூடி, மற்றொரு கண்ணால் அந்தத் துளை வழியே காலண்டரைப் பாருங்கள். எழுத்து தெளிந்தால் கோளாறு பெரும்பாலும் பவரில். தெளியாவிட்டால் விழித்திரையிலோ வேறு எங்கோ பிரச்சினை இருக்கலாம், டாக்டரிடம் போக வேண்டும். தெளிந்துவிட்டது என்பதற்காகப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. இது வீட்டிலேயே செய்து பார்க்கும் ஒரு சின்ன அளவுகோல், அவ்வளவுதான்.

படி 3: கண்ணாடியைத் தள்ளிப்போடுங்கள்

சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து நான்கு முதல் ஆறு வாரம் போகட்டும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் ஆகும். அதுவரை படிக்கத் தடுமாறினால் விலை குறைந்த ரெடிமேட் ரீடிங் கிளாஸ் போதும். மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

படி 4: விழித்திரையைப் பாருங்கள்

பலர் தாண்டிப் போவது இதைத்தான். லென்ஸ் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், விழித்திரை அப்படியல்ல. வருடக்கணக்கில் கூடிய சர்க்கரை அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சேதப்படுத்துகிறது, வலியே இருக்காது.

ஒரு முரணும் உண்டு. டைப் 1 நோயாளிகள் 1,441 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-இல் வெளியான டி.சி.சி.டி. ஆய்வில், தீவிரமாகச் சர்க்கரையைக் குறைத்தவர்களில் 13.1 சதவீதம் பேருக்கு முதல் வருடத்தில் விழித்திரை பாதிப்பு சற்று மோசமானது. சாதாரண சிகிச்சையில் அது 7.6 சதவீதம்தான். ஆனால் வருடங்கள் போகப் போகக் கணக்கு தலைகீழானது. தொடக்கத்தில் விழித்திரை பாதிப்பு இல்லாதவர்களிடம், தீவிரக் கட்டுப்பாடு புதிதாகப் பாதிப்பு வரும் அபாயத்தை 76 சதவீதம் குறைத்தது.

ஆகவே சர்க்கரையைக் குறைக்கத் தயங்க வேண்டாம். ஆனால் ஹெச்.பி.ஏ.1.சி. (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 10-க்கு மேல் இருந்து, புதிதாக இன்சுலினோ செமாகுளுடைடு போன்ற சர்க்கரையைக் குறைக்கும் ஊசியோ தொடங்கப் போகிறீர்கள் என்றால், முன்கூட்டியே ஒரு முறை சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிய வைத்து விழித்திரையைப் பரிசோதியுங்கள். ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், அடுத்த பரிசோதனை எத்தனை மாதத்தில் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டைப் 2 என்றால் நோய் தெரிந்த உடனேயே முதல் பரிசோதனை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும். வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள், துணைக்கு யாரையாவது கூட்டிப் போங்கள்.

படி 5: காத்திருக்கக் கூடாதவை

ஜன்னல் கம்பி வளைந்து தெரிவது, திடீரென்று கரும்புள்ளிகள் மழையாகக் கொட்டுவது, ஓரத்தில் திரை விழுவது போன்ற நிழல், ஒரு கண்ணில் சட்டெனப் பார்வை போவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் சரி.