லேபுக்குப் புதிதாக வரும் பிஎச்டி மாணவர்: சொல்லாமல் விட்டவற்றை எழுத்தில் கொடுப்பது எப்படி

உயிர்மருத்துவத் துறையில் பிஎச்டி-யைப் பாதியில் விட்டுப் போகிறவரைப் பற்றி "திறமை போதவில்லை" என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். பல நேரங்களில் போதாமல் போனது விவரம்தான். எந்த லேபில் சேரலாம், கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், ஆய்வை மேற்பார்க்கும் கமிட்டியில் யாரைப் போடலாம் என்பதெல்லாம் ஆய்வாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சுவாக்கில் தெரிந்துவிடும். குடும்பத்தில் முதல் ஆளாகவும், துறையில் தன் சமூகத்தவர் அதிகம் இல்லாமலும் வருகிறவருக்கு அந்த வழி கிடையாது.

ஆகவே நீங்கள் வழிகாட்டி என்றால், மாணவர் சேர்ந்த முதல் வாரமே அவரோடு இரண்டு பக்கத்துக்கு மிகாத ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். வாராந்தரச் சந்திப்பு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, கட்டுரை வரைவு கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவீர்கள், விடுப்பு எவ்வளவு, எந்த வேலை செய்தால் முதல் ஆசிரியர், எது வெறும் நன்றிக் குறிப்பு, உங்களோடே பிரச்சினை என்றால் யாரிடம் போக வேண்டும். கடைசி வரியைத்தான் வழிகாட்டிகள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இந்தத் தாளை லேபில் உள்ள எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால், உதவி என்ற பெயரில் அவரைத் தனியே அடையாளம் காட்டியதாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் திருத்துங்கள்.

ரொட்டேஷன் முறை (ஒரு லேபில் நிலைக்கும் முன் சில லேப்களில் கொஞ்ச காலம் வேலை செய்து பார்ப்பது) இருக்கும் இடத்தில், லேபைத் தேர்ந்தெடுக்கும் முன் மாணவர் கேட்க வேண்டிய கேள்விகளை நீங்களே கொடுத்துவிடலாம். கடைசியாக முடித்த ஐந்து பேருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின, நடுவில் போனவர்கள் யார், ஆய்வுப் பணம் எதுவரை இருக்கிறது. தயங்கிப் பதில் சொல்லும் லேப் எது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

பண விஷயத்தில் நல்லெண்ணம் மட்டும் போதாது. மாநாட்டுப் பதிவுக் கட்டணம், பயணச்சீட்டு, தங்கும் அறை எல்லாவற்றையும் மாணவர் முதலில் தன் கையிலிருந்து கட்டி, பில் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து திரும்பப் பெறுவது பல இடங்களில் நடைமுறை. சேமிப்போ கடன் அட்டையோ இல்லாதவர், "இந்த முறை போஸ்டர் தயாராகவில்லை" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வார். காரணம் ஆர்வக்குறைவு என்று நீங்கள் நினைப்பீர்கள். நிறுவனமே நேரடியாகக் கட்டும்படி அலுவலகத்தில் ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் முன்பணம் வாங்கிக் கொடுங்கள். முதல் உதவித்தொகை சேர்ந்த எத்தனையாவது நாள் கைக்கு வரும் என்பதையும் அவர் ஊர் மாறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வேலையைத் திருத்துவதற்கு வருவோம். வெஸ்டர்ன் பிளாட் (குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடி கொண்டு மெம்பிரேன் என்ற மெல்லிய தாளில் காட்டும் சோதனை) மூன்றாம் முறையும் பின்னணி முழுக்கக் கறுத்து வந்திருக்கிறது. "பார்த்துச் செய்யக் கூடாதா?" என்று கேட்டால், அடுத்த முறை படத்தையே காட்ட மாட்டார். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: பிளாக்கிங் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி மெம்பிரேனை மூடுவது) எவ்வளவு நேரம்? எதில்? புரதத்தில் ஒட்டும் பிரைமரி ஆன்டிபாடி இல்லாமல், அதைக் காட்டிக்கொடுக்கும் செகண்டரி ஆன்டிபாடி மட்டும் போட்ட மெம்பிரேன் எங்கே? அதிலும் அதே கறுப்பு இருந்தால் பிரைமரியைக் குறை சொல்லிப் பயனில்லை. பாஸ்பேட் ஏறிய புரதத்தைத் தேடும்போது பால்பொடி கரைசலுக்குப் பதில் பிஎஸ்ஏ (மாட்டு இரத்தத்திலிருந்து எடுக்கும் அல்புமின் புரதம்) போடுவது வழக்கம். பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதால் பின்னணி கூடலாம். இது லேபின் ப்ரோட்டோகால் தாளில் இருக்கிறதா, சீனியர்கள் வாயில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வாயில் மட்டும் இருந்தால், சீனியரோடு டீ குடிக்கப் போகாதவருக்கு அது போய்ச் சேராது.

குறையைச் சொல்லாமல் மெழுகிவிடுவதும் தவறுதான். 1999-இல் கோஹன், ஸ்டீல், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: எதிர்பார்ப்பு உயர்ந்தது என்பதையும், அதை எட்ட இவரால் முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னபோது, கறுப்பின மாணவர்கள் கடுமையான விமர்சனத்தை ஏற்று மறுபடி எழுத முன்வந்தார்கள். விமர்சனத்துக்கு முன்னால் வெறும் பாராட்டை ஒட்டிவைப்பது அந்த வேலையைச் செய்யவில்லை.

நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆளை எடைபோடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் வான்டர்பில்ட், வட கரோலினா பல்கலைக்கழகங்களின் உயிர்மருத்துவ பிஎச்டி மாணவர்களை வைத்து 2017-இல் தனித்தனியாக வந்த இரண்டு ஆய்வுகளில், ஜிஆர்இ என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு பின்னால் யார் கட்டுரை வெளியிடுவார் என்று கணிக்க முடியவில்லை.

பன்முகத்தன்மைக் குழு, விருந்தினர் வரவேற்பு, விளம்பரப் படம் என்று எல்லாவற்றுக்கும், தன் சமூகத்தவர் அதிகம் இல்லாத அந்த ஒரு மாணவரையே கூப்பிடுவார்கள். மறுப்பதை மாணவர் தலையில் போடாமல் நீங்களே மறுத்துவிடுங்கள். கமிட்டிக் கூட்டம் முடிந்ததும், நீங்கள் வெளியே போய்ப் பத்து நிமிடம் அவரைக் கமிட்டியோடு தனியே பேச விடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் "கடும் உழைப்பாளி, பணிவானவர்" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். எந்தக் கேள்வியை அவராக எழுப்பினார், எந்த முறையை லேபில் முதன்முதலாக ஓடவைத்தார் என்று எழுதுங்கள்.