தெப்பக்குளத்தைச் சும்மா சுற்றினால் போதாது: மூளை ரத்தக் குழாய்க்கான நடை

மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்தைக் காலையில் சுற்றுகிறவர்களில் பலர் வீட்டு விஷயம், அரசியல் எல்லாம் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வருவார்கள். முழங்காலுக்கும் மனசுக்கும் அது நல்லதுதான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களுக்கு அந்த வேகம் பத்தாது.

கழுத்தின் இருபுறமும் மேலேறும் பெரிய தமனிகள் வயது கூடக்கூட விறைத்துப்போகும். விறைத்த குழாய், ஒவ்வொரு துடிப்பின் அடியையும் மூளைக்குள் இருக்கும் நூல் போன்ற குழாய்கள் மீது அப்படியே இறக்கிவிடும். விறுவிறுவென நடக்கையில் ரத்தம் உட்சுவரை வேகமாக உரசி ஓடுகிறது. அந்த உரசலில் சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க, குழாய் தளர்கிறது. மாதக்கணக்கில் விடாமல் செய்தால்தான் அந்த இளக்கம் தங்கும்.

படி 1: உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

வயதை 0.7-ஆல் பெருக்கி, 208-லிருந்து கழியுங்கள். 60 வயதுக்கு 166 வரும். ஒரு நிமிடத்தில் இதயம் அதிகபட்சமாகத் துடிக்கக்கூடிய உத்தேச எண் இது. அதில் 60 முதல் 75 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 100 முதல் 125 துடிப்பு, உங்கள் எல்லை. சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நாடி பார்ப்பது

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். நின்று, மூச்சு விட்டு, தண்ணீர் குடித்துவிட்டு எண்ணினால் துடிப்பு அதற்குள் இறங்கியிருக்கும். "எனக்கு 90-தான் வருது" என்று தேவையில்லாமல் வேகத்தைக் கூட்டுவீர்கள். நின்றவுடனே எண்ண வேண்டும். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் துடிப்பே குழப்பும். கழுத்தை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம், சிலருக்கு மயக்கம் வரும். 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். 25 முதல் 31 வந்தால், மேலே சொன்ன 60 வயதுக்காரருக்குச் சரி. ஸ்மார்ட் வாட்ச் வாங்கும் காசில் நல்ல ஷூ வாங்கலாம். விநாடி முள் உள்ள சாதா வாட்ச் போதும்.

படி 3: வேகம்

தெப்பக்குளத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். 18 நிமிடம் ஆனால் அது உலாவல். 13 நிமிடத்துக்குப் பக்கம் வந்தால் நடை. பேச முடியும், பாட முடியாது என்ற நிலைதான் அளவு.

இன்னும் வேகமாகப் போனால் இன்னும் நல்லதா? இல்லை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூளையின் குழாய்கள் சுருங்கும்.

படி 4: நேரம்

முதல் வாரம் 10 நிமிடம், வாரத்துக்கு 3 நாள். பிறகு வாரம் 5 நிமிடம் கூட்டினால் 7-வது வாரம் 40 நிமிடம். இது 2011-இல் வெளியான, 120 முதியவர்களை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வின் அட்டவணை. ஓராண்டு முடிவில், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி நடந்தவர்களுக்கு 2 சதவீதம் வளர்ந்திருந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது.

சித்திரை, வைகாசி வெயிலில் ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். சாயங்காலம் அங்கே கூட்டமும் தள்ளுவண்டிகளும் வேகத்தைக் கெடுக்கும்.

படி 5: முடிக்கும் விதம்

சட்டென்று நின்று குளத்துச் சுவரில் உட்காராதீர்கள். ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். கடைசி 5 நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள்.

பிறகு சேர்த்தது

இந்த நாடிக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. எண்ணை விட்டுவிட்டுப் பேச்சு அளவையே பாருங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள், நடக்கையில் சர்க்கரை இறங்கினால் சாப்பிட 15 கிராம் குளுக்கோஸ் பொடியைப் பையில் வையுங்கள். கடலை மிட்டாய் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டியிருந்தாலோ நடக்கையில் நெஞ்சு இறுகினாலோ முதலில் டாக்டர், அப்புறம்தான் குளம்.

ஞாபகம் கூடுகிறதா என்று பார்க்க, வீட்டில் ஒருவரை 10 சொற்கள் வாசிக்கச் சொல்லி, 20 நிமிடம் கழித்து நினைவிலிருந்து எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு முறையும் பட்டியலை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பழைய பட்டியல் மனப்பாடம் ஆனதைத்தான் அளப்பீர்கள்.