பெங்களூர் ஆபீஸ்ல 'நம்ம ஊர்க்காரன்'கிட்ட முடியாதுன்னு சொல்றது எப்படி

புது டீம்ல சேர்ந்து ரெண்டு நாள்ல யாராவது "நீங்க தமிழா?"ன்னு கேட்டுட்டா போதும், அப்புறம் ஜி போயி மச்சான் வந்துடும், மதியம் சாப்பாடு ஒண்ணா, வெள்ளிக்கிழமை நைட்டு மடிவாளாவுல ஊருக்குப் போற பஸ்ஸும் ஒண்ணா. நல்லதுதான், வெளியூர்ல அதுவும் இல்லன்னா எப்படி. ஆனா மேனேஜர்கிட்ட தைரியமா முடியாதுன்னு சொல்றவங்க கூட இந்த மச்சான்கிட்ட மாட்டிக்குவாங்க, அதனால இதுக்கு மட்டும் சில வழி சொல்றேன்.

மொதல் விஷயம், காரணம் சொல்லாதீங்க. நைட் ஒன்பதரைக்கு வாட்ஸப்ல "மச்சான் சின்ன ஹெல்ப், இந்த பில்ட் ஏன் ஃபெயில் ஆகுதுன்னு பாரேன்"னு வரும் (பில்ட்னா எழுதின கோட ஓடற சாஃப்ட்வேரா மாத்தறது). வீட்ல கெஸ்ட்டுன்னா "அவங்க போனதும் பாரு"ம்பான், தலைவலின்னா "டோலோ போட்டுட்டு வா"ம்பான், எந்தக் காரணத்துக்கும் அவன்கிட்ட ஒரு வழி இருக்கும். அதுக்கு "காலைல பத்து மணிக்கு பாக்கறேன்டா, டீம்ஸ்ல போட்டு வை", அவ்ளோதான் (டீம்ஸ்னா ஆபீஸ் சாட் ஆப்). எப்போ, எங்கன்னு ரெண்டும் அதுல இருக்கணும், சாரி வேணாம். சீனியர்னா "காலைல மொத வேலையா பாத்துடறேன்ணா". சொன்னபடி பத்து மணிக்கு நிஜமாவே பாக்கணும், இல்லன்னா அடுத்த தடவை நேரா போனே அடிப்பாங்க. ப்ரொடக்ஷன், அதாவது ஜனங்க யூஸ் பண்ற லைவ் சிஸ்டமே படுத்துடுச்சுன்னா கதை வேற, அதுக்குத்தான் அவசரத்துக்கு யார் எப்போ எடுக்கணும்னு ஆன்-கால் ரோஸ்டர் இருக்கு, உங்க டர்ன்னா எடுங்க, இல்லன்னா யார் டர்னோ அவங்களக் கை காட்டிடுங்க. டீம்ஸ் மொபைல் ஆப்ல நோட்டிஃபிகேஷன நிறுத்தி வெக்கற க்வயட் அவர்ஸ் செட்டிங் இருக்கு, வாட்ஸப் ஆபீஸ் குரூப்ப 'எப்போதும்'னு மியூட் பண்ணிடலாம், ரெண்டும் இன்னிக்கே செய்ங்க.

அடுத்து பொங்கல், உண்மையான சண்டையே இங்கதான். கர்நாடகாவுல சங்கராந்திக்கு ஒரு நாள்தான் லீவு, நமக்கோ மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் வேணும், டீம்ல மூணு தமிழ் ஆளுங்க இருந்தா கடைசில கல்யாணம் ஆகாதவன் தலைலதான் விடியும், "உனக்கென்ன, பொண்டாட்டி புள்ளயா"ன்னு. ட்ரெய்ன் ரிசர்வேஷன் 2024 நவம்பர்லேர்ந்து 60 நாள் முன்னாடிதான் ஓபன் ஆகுது, அப்படின்னா பொங்கல் டிக்கெட் நவம்பர் நடுவுல. அதுக்குள்ள மூணு பேரும் பேசி, போன வருஷம் இருந்தவங்க இந்த வருஷம் போகட்டும்னு முடிவு பண்ணி டீம் கேலண்டர்லயே போட்டுடுங்க. வாய்ப்பேச்சு ஜனவரி வரைக்கும் தாங்காது.

பணம். இங்க வீட்டு அட்வான்ஸ்னு பத்து மாச வாடகை கேக்கற ஓனர் இன்னும் இருக்காங்க, அப்போ கூட வேலை செய்யறவன் உங்களத்தான் கேப்பான். "கூட வேலை செய்யறவங்களோட கொடுக்கல் வாங்கல் வெச்சுக்கறதில்லடா"ன்னு எல்லாருக்கும் ஒரே பதில் சொல்லுங்க, ஒருத்தருக்குக் குடுத்து இன்னொருத்தருக்கு இல்லன்னா அதான் பிரச்சனையே.

லஞ்ச்ல தமிழ்ல மேனேஜர கிழிக்கற கூட்டத்துல வாய வெக்காதீங்க. பக்கத்து டேபிள்ல இருக்கற கன்னடக்காரருக்கு தமிழ் நல்லாவே புரியும், இந்த ஊர்ல நெறைய பேருக்குப் புரியும்.

இதெல்லாம் சாதாரண தொல்லைக்கு. பாலியல் சீண்டல்னா ஊர்க்காரன்னு பாத்து பேசித் தீக்கற விஷயமே இல்ல. 2013 சட்டப்படி பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற ஆபீஸ்ல இந்தப் புகார விசாரிக்க இன்டர்னல் கமிட்டி இருக்கணும், பெண்கள் சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல புகார் குடுக்கலாம், மெசேஜ் எதையும் டெலீட் பண்ணாதீங்க.

மச்சான் எப்படியும் ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வெச்சுப்பான். மூணாம் நாள் நீங்களே போய் சாப்பிடக் கூப்பிடுங்க, ஆனா அந்த பில்ட் பேச்ச மட்டும் எடுக்காதீங்க.