மலையகக் குளிரில் சிப்பிக்காளான்

சிப்பிக்காளானை மரத்தூள் நிரப்பிய பைகளில் வளர்க்கலாம். முதலில் மரத்தூளைப் பாருங்கள். அல்பீசியா, மா, இறப்பர் மரத்தூள் நல்லது. பைன் தூள் வேண்டாம். அதன் பிசின் காளானின் வெள்ளை இழைகளை ஓடவிடாது. மருந்தடித்த பலகையின் தூளும் ஆகாது.

10 கிலோ தூளுக்கு 1 கிலோ அரிசித் தவிடு, 200 கிராம் கல்சியம் காபனேற்று, 100 கிராம் பயற்றம் மா, 20 கிராம் எப்சம் உப்பு. நீர் தெளித்துப் பிசையுங்கள். கையில் இறுக்கினால் உருண்டை நிற்கவேண்டும், நீர் சொட்டக்கூடாது. சொட்டினால் பை புளித்து நாறும்.

வெப்பம் தாங்கும் பைகளில் கிலோ அளவாக இறுக்கி நிரப்பி, வாயில் பிவிசி வளையம் மாட்டிப் பஞ்சால் அடையுங்கள். பீப்பாயில் ஆவி வரத் தொடங்கியபின் குறைந்தது 4 மணிநேரம் அவிக்கவேண்டும். விறகை மிச்சம்பிடித்தால் பச்சைப்பூஞ்சணம்தான் அறுவடை. நன்றாக ஆறியபிறகே காளான் வித்தை, அதாவது வெள்ளை இழை ஓடிய தானியத்தை, இடுங்கள்.

இருட்டறையில் இழை ஓடிப் பை வெளுக்க ஏறக்குறைய 4 வாரம்; நுவரெலியாக் குளிரில் இன்னும் கூடும். முழுதும் வெளுத்தபின் பஞ்சை எடுத்து, தினம் இருமுறை பூந்தூறலாக நீர் தெளியுங்கள். இங்கே ஈரப்பதத்துக்குப் பஞ்சமில்லை, காற்றோட்டம்தான் குறை. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்தால் காம்பு நீண்டு குடை சிறுக்கும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு) அடுப்புப் புகையும் எட்டக்கூடாது.

குடையின் விளிம்பு மேல்நோக்கி மடங்குமுன் முறுக்கிப் பறியுங்கள். அடிக்கட்டை எஞ்சினால் அழுகி ஈ மொய்க்கும்.